அமுதாவைக் கேட்கவும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதேனும் எழுதித் தரும்படி உங்கள் குழுத் தலைவர் கேட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தொழிலில் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டது. ஆகவே எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொல்லித் தந்தால் அது உங்களுக்குப் பயன்படாது; சற்றே ஆபத்தாகவும் முடியலாம். நான் எழுத விரும்புவது ஒரு பகல்பொழுதைப் பற்றி. அன்று நாங்கள் செய்ய வேண்டியிருந்த வேலை, ஒரு வீட்டுக் கணினியில் ஓர் எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதுவது. அவ்வளவுதான்.

நீங்கள் பேருந்துக்காக நிற்கும் நேரத்தில் கைப்பேசியிலேயே டி.என்.எஸ். சர்வரை மாற்றிக்கொள்கிறீர்கள், பிடிக்கவில்லையென்றால் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் திரும்ப மாற்றுகிறீர்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. பிரேசர் டவுனில், கேபிள் வழியாக வீடுகளுக்கு இணையம் கொடுத்துவந்த ஒரு சிறிய நிறுவனத்தில் நான் நெட்வொர்க் பொறுப்பில் இருந்தேன். மனிதர்கள் ஒரு தளத்தைப் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள். கணினிக்கோ எண் வேண்டும். பெயருக்குரிய எண்ணை எடுத்துச் சொல்ல எங்களிடம் ஒரு சர்வர் இருந்தது; அதுதான் டி.என்.எஸ். சர்வர். அந்தச் சர்வரை எங்கே போய்க் கேட்பது என்பதற்கும் ஓர் எண் உண்டு. அதை எங்கள் களப்பணியாளர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கணினியில் கையால் எழுதிவிட்டு வருவார்கள். கணினி தானாகவே அந்த எண்ணைப் பெற்றுக்கொள்ளும் வசதி அப்போதும் இருந்தது. எங்கள் ஆட்கள் அதை நம்பவில்லை. தானாக வந்தது தானாகவே போய்விடும், கையால் எழுதியது இருக்கும் என்பது அவர்கள் கட்சி.

இருந்தது. தொல்லையே அதுதான்.

அந்த எண் எங்கள் சொந்த எண் அல்ல. எங்களுக்கு இணையத்தை மொத்தமாகக் கொடுத்த ஒரு பெரிய நிறுவனத்தின் எண். நாங்கள் வேறொரு நிறுவனத்துக்கு மாறினோம். பழைய நிறுவனத்தார் ஒரு நாள் குறித்துச் சொன்னார்கள்: அன்று மாலை வந்து தங்கள் இணைப்புப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போவோம். பெட்டி போனால் எண்ணும் போய்விடும். அதற்குள் பழைய எண் எழுதப்பட்ட வீடுகளில் எல்லாம் புது எண்ணை எழுதிவிட வேண்டும்.

திட்டம் ஒழுங்காகத்தான் இருந்தது. முதலில் எல்லோரையும் தொலைபேசியில் அழைத்தோம். கிடைக்காதவர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பினோம். அப்படியும் மிஞ்சியவர்களுக்காகக் கடைசி மூன்று நாட்களில், பழைய எண்ணில் இருந்த சர்வரை வேறு விதமாகப் பேச வைத்தோம். யார் எந்தத் தளத்தைக் கேட்டாலும் அது எங்கள் அறிவிப்புப் பக்கத்தையே காட்டும். ‘உங்கள் கணினியில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது, கீழ்க்காணும் எண்ணில் எங்களைத் தொலைபேசியில் அழைக்கவும்’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அந்தப் பக்கத்தில் இருந்தது. முதல் நாள் தொலைபேசி ஓயவில்லை. இரண்டாம் நாள் ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. மூன்றாம் நாள் காலை அமைதியாக இருந்தது.

எங்கள் மேலாளர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் அல்லர். தொலைபேசிக்கு அருகில் நின்று, அது அடிக்காததைச் சற்று நேரம் கேட்டார். பிறகு, “ஆய்த்து, முடிஞ்சிருச்சு. எல்லாரும் மாறிட்டாங்க” என்றார்.

இது எங்கள் தொழிலுக்கே உரிய கணக்கு. அழைப்பு வந்தால் பிரச்சினை உண்டு, வராவிட்டால் இல்லை. நீங்களும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். உங்களுடையது திரையில் வண்ணப் படமாக வருகிறதாம்.

அன்று முற்பகலில் ஓர் அழைப்பு வந்தது. எடுத்தவள் எங்கள் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருந்த ஷாஹீன். எதற்கும் குரலை உயர்த்தாத பெண். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், மஸ்கட்லேர்ந்து ஒரு லேடி. ஜோகுபாளையத்துல அவங்க வீட்ல நெட்டு வரலியாம். வீட்ல இருக்கறவங்கள நமக்கு போன் பண்ணச் சொல்லுங்கன்னேன். அதுக்குப் போய் திட்றாங்க மேடம்.”

வாங்கிப் பேசினேன்.

“நீங்களாவது கேளுங்க மேடம்,” என்றது அந்தக் குரல். “எங்கப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது கேக்காது. பேச்சும் வராது. அவங்க எப்டி உங்களுக்கு போன் போடுவாங்க? போட்டு என்னா பண்ணுவாங்க?”

அவள் பெயர் அமுதா. மஸ்கட்டில் நர்ஸ். எங்கள் இணைப்பு அவள் பெயரில்தான் இருந்தது. ஊருக்கு வந்திருந்தபோது அவளே வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கணினியின் மேல் ஒரு கேமரா. தினமும் மாலையில் அப்பாவும் அம்மாவும் அதன் முன் உட்காருவார்கள். அங்கே அவள் உட்காருவாள். மூவரும் கைகளால் பேசிக்கொள்வார்கள். மூன்று நாட்களாக அது இல்லை.

“எனக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன் மேடம். கொழந்தை பொறக்கறதுக்கு. இன்னிக்கு சாயங்காலம் அட்மிட் ஆகணும். அங்க கம்ப்யூட்டர்லாம் கெடையாது. எங்கம்மா என்னைப் பாக்காம எப்டி இருப்பாங்க?”

வேறு வழியில் செய்தி சொல்ல முடியாதா என்று கேட்டேன்.

“எதுத்த வீட்டு அக்கா போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிட்டுத்தான் இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு. அக்கா அதப் படிச்சு ஜாடையில சொல்லுவாங்க. எங்கம்மா நம்பல. நல்லா இல்லாதவங்களும் அப்டித்தான எழுதுவாங்க?”

அவளுடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். மாலைக்குள் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லவில்லை. உடனே புறப்படுகிறேன் என்றேன். முதல் வாக்கியம் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாவதைத்தான் என்னால் நிச்சயமாகக் காப்பாற்ற முடியும்.

நடந்தது என்ன என்று விளங்கிவிட்டது. எங்கள் அறிவிப்புப் பக்கம் இணையதளம் பார்ப்பவர்களின் கண்ணில்தான் படும். கேமராவில் பேச உதவும் மென்பொருளுக்குப் பக்கம் எதுவும் தெரியாது. அது தன்னுடைய சர்வரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது. தவறான எண் கிடைக்கிறது. ‘இணைக்க முடியவில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கேட்கிறது. அப்படியே அறிவிப்பைப் பார்த்திருந்தாலும், அது சொல்வது தொலைபேசியில் அழைக்கும்படி. அந்தப் பக்கத்தின் வாசகத்தைக் கூட்டம் போட்டு, காற்புள்ளி வரை விவாதித்துத்தான் எழுதினோம். காதைப் பற்றிய பேச்சு அந்தக் கூட்டத்தில் வரவில்லை.

அந்தப் பகுதிக்குப் போய் வந்தவர் ஆண்டனி. பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், கேபிள் டி.வி. காலத்திலிருந்து மொட்டை மாடிகளில் நடந்து பழகியவர். கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் போனேன் மேடம். பெல்லு அடிச்சேன், கதவ தட்னேன், ஒருத்தரும் வரல. வீடு பூட்டுன்னு எழுதிட்டு வந்துட்டேன்.”

“பூட்டு தொங்கினதப் பாத்தீங்களா?”

ஆண்டனி யோசித்தார். “பூட்டு பாக்கல மேடம். ஆனா பூட்டுன வீடு மாதிரி கம்முனு இருந்துச்சு.”

ஆட்டோவில் போனோம். அல்சூர்ப் பக்கம் திரும்பி, பழைய மதராஸ் சாலையில் ஊர்ந்து, ஜோகுபாளையத்தில் ஆட்டோ நுழையாத ஒரு சந்தின் முனையில் இறங்கி நடந்தோம். வீட்டில் பூட்டு இல்லை. அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் முறத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அமுதா சொன்ன அக்கா அவர்தான்.

“பெல்ல அமுக்கினா உள்ள லைட்டு எரியும். அவங்களுக்கு அப்டித்தான் வச்சிருக்குது. இந்தப் பகல்ல எரிஞ்சா யாரு கண்ணுக்குத் தெரியும்?”

“பின்ன எப்டிக்கா கூப்பிடறது?” என்றார் ஆண்டனி.

“மெயின ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ஃபேன் நின்னுச்சின்னா எழுந்து வருவாங்க. நாங்க அப்டித்தான் கூப்புடுவோம்.”

மின்சார மீட்டர் வாசல் சுவரிலேயே இருந்தது. ஆண்டனியின் கை அதற்குள் அதன்மேல் போய்விட்டது. உள்ளே கணினி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அந்த அம்மாளைக் கேட்டேன்.

“ஓடாம? மூணு நாளா அத்தயே பாத்துகினு குந்திகினுகீறாரு மன்சன். வேலைக்கும் போவல.”

ஆண்டனி கையை எடுத்துக்கொண்டார். ஒரு செய்தித்தாளை வாங்கிக் கதவின் அடியில் செலுத்தி இப்படியும் அப்படியும் ஆட்டினோம். சற்று நேரத்தில் மறுமுனையை யாரோ பிடித்து இழுத்தார்கள். கதவு திறந்தது.

அமுதாவின் அப்பா முனுசாமி, கார்களுக்கு இருக்கை உறை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். ஒல்லியான, நேராக நிற்கும் மனிதர். எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தார். நிறுவனத்தின் சின்னத்தைத் தெரிந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னார். ஒரே அறை; பின்னால் சமையல் இடம். சுவரோரமாகக் கணினி. திரையில் அந்த மென்பொருளின் சிறிய சக்கரம் சுழன்று சுழன்று, நின்று, ‘இணைக்க முடியவில்லை’ என்று அறிவித்துவிட்டு மறுபடியும் சுழன்றது. அதற்கு எதிரே இரண்டு நாற்காலிகள்.

நான் கணினியைச் சுட்டிக்காட்டி, பிறகு என்னைக் காட்டி, சரிசெய்வதைப் போல் கையை அசைத்தேன். அவர் தலையசைத்து மறுத்தார். திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு தாளை விரலால் தொட்டுக் காட்டினார். கொட்டை எழுத்துகளில் எழுதியிருந்தது:

யாரும் தொடக்கூடாது. அமுதாவைக் கேட்கவும்.

எதிர்வீட்டு அம்மாள் பின்னாலேயே வந்திருந்தார். “போன வருசம் உங்க ஆளு ஒருத்தன் வந்து, படம் நல்லா வர வெக்கறேன்னு கைய வச்சான். ஒரு வாரம் படமே இல்ல. அப்ப அமுதா லீவுல வந்து இத்த ஒட்டிட்டுப் போச்சி. அது வந்து சொன்னாத்தான் அவரு விடுவாரு.”

“கைய வச்சது யாரு, நானா?” என்று கேட்டார் ஆண்டனி.

“நீ இல்ல. அவன் செவப்பா இருந்தான்.”

ஆண்டனி நிம்மதியடைந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அமுதாவைக் கேட்டால் அப்பா அனுமதிப்பார். அமுதாவை அவர் கேட்பதற்கு இருந்த ஒரே வழி, நாங்கள் சரிசெய்ய வந்த அந்தக் கணினிதான். அதைச் சரிசெய்ய அவர் அனுமதிக்க வேண்டும்.

ஷாஹீனைக் கைப்பேசியில் அழைத்து, அமுதாவிடம் சொல்லி எதிர்வீட்டு அம்மாளின் தொலைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். வந்தது. ‘அவங்கள விடுப்பா’ என்று அமுதா எழுதியிருந்தாள். அந்த அம்மாள் அதை அவரிடம் காட்டி, கைகளால் விளக்கினார். முனுசாமிக்கு எழுத்து கொஞ்சம்தான் தெரியும். ஆனாலும் நெடுநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் முகத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் வரைந்து, திரையைக் காட்டினார். எனக்கே புரிந்தது. மூன்று நாட்களாக ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவரும் அதே தொலைபேசிதான் இதையும் சொல்கிறது. அவருக்கு முகம் வேண்டும்.

ஆண்டனி என் காதோரம் வந்து, “மேடம், நான் அவர அப்டியே வெளிய இட்டுப் போயி டீ வாங்கித் தரேன். நீங்க ஒரு நிமிசத்துல மாத்திடுங்க” என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேலையும் ஒரு நிமிட வேலைதான். மாலையில் மகள் திரையில் வந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் அது அவர் வீடு, அவர் கணினி, அவர் ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டார். காது கேட்காத ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு வேலையைச் செய்து முடிப்பதைப் போல் எளிது வேறில்லை. அந்த எளிமையே என்னைத் தயங்க வைத்தது. வேண்டாம் என்றேன்.

“அப்ப எப்டி மேடம்? தொடாம எப்டி மாத்தறது?”

மாற்ற முடியாதுதான். ஆனால் அந்தக் கணினியில் எதுவுமே கெட்டுப்போகவில்லை. அது எழுதிவைத்த எண்ணில், எழுதிவைத்த சர்வரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. பொய் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் சர்வர். அதை மறுபடி உண்மை பேச வைத்தால், இந்த அறையில் எதையும் தொடாமலே மகள் வந்துவிடுவாள். வந்தபின் அவளையே கேட்டுக்கொள்ளலாம். தாளில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

ஷாஹீனை மறுபடி அழைத்தேன். பழைய சர்வரில், இந்த வீட்டிலிருந்து வரும் கேள்விகளுக்கு மட்டும் அறிவிப்புப் பக்கத்தைக் காட்டாமல் சரியான பதிலைக் கொடுக்கும்படி சொன்னேன். அவள் குரல் தணிந்தது.

“மேடம், அந்தக் கம்பெனி ஆளுங்க சீக்கிரமே வந்துட்டாங்க. பெட்டியக் கழட்ட ஸ்க்ரூ டிரைவரோட நிக்கிறாங்க. இருங்க, சார் பேசறாராம்.”

மேலாளர் வாங்கினார். “ஏன்ரீ மேடம், எங்க இருக்கீங்க? இவங்க பெட்டி எடுத்துட்டுப் போகணும்ன்றாங்க. கையெழுத்துப் போடப் போறேன்.”

“இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு சார்.”

“ஒந்து மனெ! ஒரு வீட்டுக்காக இவங்கள நிக்க வெக்கறதா? அந்த வீட்லேர்ந்து கம்ப்ளைன்ட்டே வரலியே?”

“அவங்களால கம்ப்ளைன்ட் பண்ண முடியாது சார். ரெண்டு பேருக்கும் காது கேக்காது, பேச வராது.”

அவர் மனத்தில் ஓடியதை நான் அறியேன். எங்கள் அறிவிப்புப் பக்கத்தின் வாசகம் ஓடியிருக்கலாம். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர்தான்.

“எவ்வளவு நேரம் வேணும்?”

“அரை மணி.”

“இவங்களுக்கு பிரியாணி வாங்கித் தரேன். சாப்பிடற வரைக்கும்தான். அஷ்டே, அவ்ளோதான்.”

பிரியாணிக்குப் பேர்போன பிரேசர் டவுனில் நிறுவனம் இருந்ததன் பயன்களில் அதுவும் ஒன்று.

ஷாஹீன் வேலையை முடித்துவிட்டதாகவும், அமுதா அங்கே கேமராவின் முன் காத்திருப்பதாகவும் சொன்னாள். நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம். முனுசாமி எங்களைப் பார்த்தபடி நின்றார். சக்கரம் சுழன்றது, ‘இணைக்க முடியவில்லை’ என்றது. மறுபடி சுழன்றது, அதையே சொன்னது. அந்த மென்பொருள் முன்பு கிடைத்த தவறான பதிலைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் காத்திருத்தல் எளிதாகிவிடுவதில்லை. ஆண்டனி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சக்கரம் மறைந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் வந்தது. அதில் ஒரு தோள். ஒரு சுவர்க் கடிகாரம். பிறகு ஒரு முகம்.

முனுசாமி காலால் தரையை ஓங்கி மிதித்தார். சமையல் இடத்திலிருந்து அவர் மனைவி மாவு ஒட்டிய கைகளோடு ஓடிவந்தார். தரை அதிர்ந்தால் அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பேசத் தொடங்கினார்.

அந்தக் காலத்து இணைப்பில் படம் தொடர்ந்து ஓடாது. புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைப்பதைப் போல வரும். வேகமாகச் செய்த சைகை நடுவிலேயே காணாமல் போய்விடும். ஆகவே அவர்கள் கைகளை மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி அசைத்தார்கள். அம்மா ஏதோ கேட்டார். அமுதா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றைக் காட்டினாள். அம்மா தன் இரு கைகளையும் கீழ்நோக்கித் தாழ்த்திக் காட்டி மறுபடியும் ஏதோ கேட்டார். வயிறு இறங்கியிருக்கிறதா என்பதாக இருக்கலாம். அமுதா பதில் சொன்னாள். அதன் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை; சமையல் இடத்தில் ஏதோ கொதிக்கும் சத்தம் எனக்கும் ஆண்டனிக்கும் மட்டும் கேட்டது. அறிவுள்ள எந்தப் பொறியாளரும் அப்போதே குறுக்கிட்டிருக்க வேண்டும். ஆண்டனி தன் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார். “மேடம், பிரியாணி எவ்ளோ நேரம் சாப்புடுவாங்க?”

“கொஞ்சம் இருங்க.”

அம்மாவின் கைகள் முதல் தடவையாக மடியில் ஓய்ந்தபோது கேமராவின் முன் போய்க் குனிந்தேன். அந்தக் கணினிக்கு ஒலிபெருக்கி கிடையாது. அங்கே யாருக்கு அது வேண்டும்? ஆகவே அமுதாவோடு நான் எழுதித்தான் பேச முடியும். விசைப்பலகையைத் தொடலாமா என்று முனுசாமியை ஜாடையில் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் சம்மதமாகக் கையை அசைத்தாள். அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

எண்ணை மாற்ற வேண்டும் என்று அமுதாவுக்கு எழுதினேன்; ‘மாத்துங்க மேடம்’ என்று பதில் வந்ததும் மாற்றினேன். ஒரே வரி, எழுதிச் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகவில்லை. படம் அசையாமல் அப்படியே இருந்தது. எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. புறப்படுவதற்கு எல்லா வகையிலும் பொருத்தமான நேரம்.

அதனால் நான் புறப்படவில்லை. ஏற்கெனவே இணைந்துவிட்ட உரையாடல் எந்தச் சர்வரையும் கேட்காது. பெயருக்குரிய எண் கிடைத்துவிட்டதே. நான் எழுதியது சரியா என்பது, இதைத் துண்டித்து மறுபடி இணைக்கும்போதுதான் தெரியும். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சோதனையிலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. கணினியின் எங்கோ ஒரு மூலையில் பழைய எண் எஞ்சியிருந்தால் அது கமுக்கமாக அதையே கேட்டுக்கொள்ளும். இன்று மாலை பெட்டி போனபின், மகள் குழந்தையோடு வீட்டுக்கு வந்து கேமராவைத் திறக்கும் நாளில்தான் தவறு வெளிப்படும். அப்போதும் இந்த வீட்டிலிருந்து யாரும் எங்களை அழைக்கப் போவதில்லை.

அமுதாவுக்கு எழுதினேன்: ‘ஒருமுறை துண்டித்துவிட்டு மறுபடி இணைத்துப் பார்க்க வேண்டும். வராமல் போக வாய்ப்பு குறைவு. ஆனால் இல்லையென்று சொல்ல மாட்டேன்.’

அவள் எழுதினாள்: ‘நான் இன்னும் கொஞ்ச நேரத்துல கெளம்பணும் மேடம்.’

‘தெரியும். இப்போது பார்க்காவிட்டால் நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் தெரியும்.’

அவள் நர்ஸ். இந்தக் கணக்கு அவளுக்குப் புரியும். அப்பாவிடம் கைகளால் சொன்னாள். முனுசாமி என்னைப் பார்த்தார், தலையசைத்தார். அம்மா அசைக்கவில்லை. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை நெற்றிக்கு அருகே உயர்ந்திருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். மாவு இன்னும் காயவில்லை. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

ஷாஹீனிடம் சொன்னேன்: “பழைய சர்வரோட ஒயர மட்டும் பிடுங்கு. பெட்டியில கை வைக்க விடாத. நான் சொன்னா ஒயர உடனே திரும்பச் சொருகணும். கையிலயே வச்சுக்கிட்டு நில்லு.”

“சரி மேடம். பிடுங்கிட்டேன். கையிலதான் இருக்கு. அவங்க எலும்பு கடிச்சிட்டு இருக்காங்க.”

புதிதாக வந்தவர்களே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சோதனை உண்மையானதாக இருக்கட்டும்; திரும்பி வரும் வழி ஒருவர் கையில் இருக்கட்டும். இவற்றில் ஒன்றை மட்டும் செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் பிடி தளரவில்லை. அந்தக் கையோடேயே மவுஸை நகர்த்தி, மென்பொருளை மூடினேன். அமுதா மறைந்தாள். நீல நிறத் திரை மட்டும் இருந்தது. மறுபடி திறந்தேன். சக்கரம் சுழலத் தொடங்கியது.

முனுசாமி திரையைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டனி கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவின் வலது கை உயர்ந்த இடத்திலேயே, நெற்றிக்கு அருகில், சொல்லி முடிக்காத சொல்லோடு அந்தரத்தில் நின்றது. அதைக் கீழே இறக்க அவருக்குத் தோன்றவில்லை.

சாம்பல் சதுரம் வந்தது. சுவர்க் கடிகாரம் வந்தது. அமுதா வந்தாள்; அவளும் கேமராவுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

கைப்பேசியில் மேலாளரின் குரல் கேட்டது. “மேடம், ஆய்த்தா? இவங்க கை கழுவிட்டாங்க.”

“ஆய்த்து சார். கழட்டிக்கச் சொல்லுங்க.”

பிரேசர் டவுனில் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றும் சத்தம் கைப்பேசி வழியாகக் கேட்டது. ஜோகுபாளையத்தில் எதுவும் நடக்கவில்லை. அம்மா என் மணிக்கட்டை விட்டார். இரண்டு கைகளும் அவருக்குத் தேவைப்பட்டன. நெற்றிக்கு அருகே நின்றிருந்த கையை மெதுவாகக் கீழே கொண்டுவந்து, விட்ட இடத்திலிருந்து அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தார்.